ஜமுக்காளத்தின் மேல் ஒரு பிறந்தநாள்

அந்த ஜமுக்காளத்துக்கு என்று ஒரு வாசனை உண்டு. பாச்சை உருண்டை, சரியாகக் காயாத பருத்தி, கொட்டிப்போன டீ, வெள்ளிக்கிழமை தவறாமல் அதன்மேல் உட்கார்ந்து எழுந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் தேங்காய் எண்ணெய் எல்லாம் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குப் பதினைந்து வயதாகிவிடும். சிவப்பும் நீலமுமாகப் பட்டை போட்ட அது எங்கள் சபைக்குச் சொந்தமானது. வாரம் ஒரு வீடாக இரும்புலியூர் முழுக்கச் சுற்றி வரும். எந்த வீட்டில் விரிக்கிறார்களோ அந்த வீட்டில் அன்றைக்கு ஜெபக்கூட்டம். என் பதினைந்தாவது பிறந்தநாளை நினைத்தால் கேக்கும் பலூனும் அப்புறம்தான் வரும், முதலில் வருவது அந்த ஜமுக்காளம்தான்.

பத்தாம் வகுப்பில் நாங்கள் ஐந்து பெண்கள் ஒரு "செட்டு". யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் மற்ற நான்கு பேரையும் கூப்பிட்டு "ட்ரீட்" கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த சட்டம். அந்த வருஷம் எல்லோருடைய முறையும் முடிந்து, நவம்பரில் பிறந்த நான் மட்டும் பாக்கி. அதிலும் ராஜகீழ்ப்பாக்கத்து வந்தனா இருக்கிறாளே, அவள் அப்பா பெரிய ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். ஏசி ஹாலில் மேஜிக் காட்டும் ஆளெல்லாம் வைத்து, போகும்போது ஆளுக்கொரு "ரிட்டர்ன் கிஃப்ட்" வேறு கொடுத்து அனுப்பினார்கள். நாலு வீட்டிலும் வெட்கமில்லாமல் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு, என் முறை வரும்போது கையை விரித்தால் அந்த வயதுப் பெண்ணுக்கு அதைவிட மானக்கேடு உண்டா? "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுங்கடி" என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் சொல்லிவிட்டேன்.

வீட்டு நிலைமை அவர்கள் யாருக்கும் தெரியாது. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா. கோடை விடுமுறைக்கு முன்பே கம்பெனியை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் அம்மா நர்சரிப் பள்ளியில் வாங்கும் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அப்பா தினமும் என்னைச் சைக்கிளில் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விடுவதைப் பார்த்து, "உங்க அப்பாவுக்கு ஆபீஸ் இல்லையா?" என்று ஒருத்தி கேட்டபோது, "ஷிஃப்ட் மாத்திட்டாங்க" என்று சொன்னேன். அந்தப் பொய்யை மாதக்கணக்கில் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்தேன். அது வெளியே தெரிந்தால் செட்டில் எனக்கு இருக்கும் இடம் போய்விடும், எல்லோரும் என்னைப் பாவம் பார்ப்பார்கள் என்று அப்படி ஒரு பயம். பாவம் பார்க்கப்படுவதைவிடச் செத்துப்போகலாம் என்று தோன்றுகிற வயது அது.

அம்மா என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் அரிசி களைந்துகொண்டே யோசித்தாள். பிறகு முகமெல்லாம் மலர, "அடுத்த மாசம் நம்ம வீட்டு ஜெபக்கூட்டம் வருது இல்ல? அதை அந்த வெள்ளிக்கிழமைக்கு மாத்திக் கேட்டுட்டா ஒரே டீ, ஒரே கேசரி. கேக் மட்டும் தனியா வாங்கினா போதும். ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிடும்டி" என்றாள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று நான் மெச்சுவேன் என எதிர்பார்த்தாள் போல. எனக்கோ பிறந்தநாளே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

ஏனென்றால் ஜெபக்கூட்டம் என்றால் ஞானம் ஆன்ட்டி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஜமுக்காளத்தை வீடுவீடாகக் கொண்டுபோய் விரிப்பதும், கடைசி ஜெபத்தை நின்று நடத்துவதும் அவர் பொறுப்பு. எங்கள் வழக்கத்தில் ஜெபம் பண்ணும்போது யார் வீட்டில் என்ன கஷ்டமோ அதைப் பேர் சொல்லித்தான் கேட்பார்கள். மற்றவர்கள் மேலோட்டமாகச் சொல்வதை ஆன்ட்டி விலாவாரியாகச் சொல்வார். யாருக்கு சுகர் எவ்வளவு, யார் மருமகளோடு பேசுவதில்லை, யார் பையன் எந்தப் பாடத்தில் கோட்டை விட்டான், எல்லாம் வரும். "ஆண்டவருக்கே தெரியாத சமாச்சாரம் ஞானம் வாயில வந்துடும்" என்று அப்பாவே கேலி செய்வார். அந்த வாய்க்கு முன்னால் என் நான்கு சிநேகிதிகளும் உட்கார்ந்தால் என் கதி என்ன?

ஆகவே நான் போட்ட திட்டம் இது: அவர்களை நாலரைக்கே வரச் சொல்வது, மளமளவென்று கேக்கை வெட்டுவது, ஆறு மணிக்குள் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவது. கூட்டம் ஆறரைக்குத்தான். வாசல் கதவு நிலைக்கு நானே கலர் பேப்பரில் தோரணம் வெட்டி ஒட்டினேன். அப்பா ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியிலிருந்து ஒரு கிலோ கேக்கைச் சைக்கிள் கேரியரில் வைத்தால் நசுங்கிவிடும் என்று ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்தார். வெள்ளை பட்டர் கிரீம், மேலே ரோஸ் கலரில் நாலு பூ, நடுவில் "பியூலா" என்று என் பெயர். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

மூன்று மணிக்குப் பிடித்தது மழை. நவம்பர் மழை பிடித்தால் ஜி.எஸ்.டி. ரோடு என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று, ஒருத்தியையும் காணோம். வராமலே போய்விட்டால்கூடப் பரவாயில்லை, தப்பித்தோம் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்ட நேரத்தில், ஆறு மணிக்கு மேல், தொப்பலாக நனைந்து நாலு பேரும் வந்து நின்றார்கள். "செம டிராஃபிக்டி, வந்தனா அழவே ஆரம்பிச்சுட்டா" என்று சிரித்தார்கள். நான் துண்டைக்கூடக் கொடுக்காமல் கத்தியைக் கையில் எடுத்தேன். அவர்களுக்குப் பின்னாலேயே, தோளில் பாலிதீன் சுற்றிய ஜமுக்காளத்தோடு ஞானம் ஆன்ட்டி படியேறினார்.

"அடடே, அதுக்குள்ள கத்தியா? ஜெபம் பண்ணாம எப்படி கண்ணு வெட்டுறது? எல்லாரும் வரட்டும். பொண்ணுங்களா, நீங்களும் உக்காருங்கம்மா, ஏழரைக்கெல்லாம் முடிச்சிடலாம்!"

"ஓகே ஆன்ட்டி" என்றாளே வந்தனா, அவளை அங்கேயே அறையலாம் போல வந்தது.

சமையலறைக்குள் ஓடிப்போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, அப்பா வேலையைப் பத்தி மட்டும் ஜெபிக்க வேணாம்னு ஆன்ட்டிகிட்ட சொல்லும்மா. ப்ளீஸ்மா."

கேசரியைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா திரும்பவே இல்லை. "ஜெபிக்காதீங்கன்னு எப்படிடி சொல்லுவேன்? அவங்க வாரா வாரம் கேக்கறதுனாலதான் நான் தூங்கறேன்" என்றாள்.

கடைசி முயற்சியாக நானே ஆன்ட்டியிடம் போய், "இன்னைக்கு எனக்கு மட்டும் ஜெபம் பண்ணுங்க ஆன்ட்டி, போதும்" என்று குழைந்தேன். அவர் என் கன்னத்தைக் கிள்ளி, "உனக்குப் பண்ணாம யாருக்குப் பண்ணப் போறேன்? ஒண்ணு விடாம பண்ணிடறேன்" என்றார். செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜமுக்காளம் கொள்ளாமல் ஆட்கள் உட்கார்ந்தார்கள். அப்பா வாசல் ஓரமாக, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வேலை போனதிலிருந்து எந்தக் கூட்டத்திலும் அவர் இடம் அதுதான். பாட்டு முடிந்தது, வேதபாடம் முடிந்தது, ஆன்ட்டி எழுந்து நின்றார். எல்லோரும் கண்ணை மூடினோம். முதலில் உலக சமாதானம். பிறகு நம் தேசம், வெள்ளத்தில் தவிக்கிறவர்கள், தாம்பரம், இரும்புலியூர், எங்கள் தெரு என்று, நம் ஸ்டாப்பை நோக்கி ஒவ்வொரு ஸ்டாப்பாக வரும் பஸ் மாதிரி அந்த ஜெபம் நெருங்கி வந்துகொண்டே இருந்தது. கரண்ட் போகட்டும், இடி விழட்டும், ஆன்ட்டிக்கு இருமல் வரட்டும் என்று நான் ஒரு பக்கம் வேறு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

என் ஜெபம் பலிக்கவில்லை. "அன்பின் ஆண்டவரே, இந்த வீட்டுத் தலைவனைப் பாரும் ராஜா! கம்பெனியை மூடி ஏழு மாசமாச்சு! ஏறாத படி இல்ல, கேக்காத ஆள் இல்ல! சாமுவேலுக்கு ஒரு வாசலைத் திறவும் ஐயா! ஒரு ஆள் சம்பளத்துல இந்தத் தாய் படுற பாடு உமக்குத் தெரியும்! பிள்ளை ஆசைப்பட்டுதேன்னு இந்தக் கேக்கை வாங்கி வெச்சிருக்காங்களே, அவங்க மனசை நீர் பாரும்!" ஆஸ்பத்திரி வார்டில் பழகிய குரல், தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அதோடு விட்டாரா? "இந்தப் பிள்ளை தன் சிநேகிதிகளுக்கு முன்னால வெக்கப்பட்டுப் போகாதபடி காத்துக்கொள்ளும்!" என்று அதற்கும் சேர்த்து ஒரு விண்ணப்பம் போட்டாரே பார்க்கலாம்!

"ஆமென்" என்றார்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் நாலு ஜோடிக் கண்கள் என்னைப் பாவம் பார்த்துக்கொண்டிருக்கும். இப்படியே மூடியபடி எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் பக்கத்திலிருந்து வந்தனாவின் குரல், தயங்கித் தயங்கி:

"ஆன்ட்டி, எங்க அப்பாவுக்கும் இந்த மாதிரி சொல்றீங்களா?"

கண்ணைத் திறந்துவிட்டேன்.

"அப்பாவுக்கு என்னம்மா?" என்றார் ஆன்ட்டி.

"கடன்ல கடையைக் குடுத்துட்டோம் ஆன்ட்டி. அப்பா ரூமை விட்டு வெளியவே வர்றதில்ல. யார்கிட்டயும் பேசறதில்ல. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க." ஏசி ஹாலும் மேஜிக்கும் வைத்துக் கொண்டாடிய வந்தனா, சபையின் பழைய ஜமுக்காளத்தில், முன்பின் தெரியாத இருபது பேர் நடுவில் உட்கார்ந்து அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் பொங்கிக்கொண்டு வந்தது.

ஆன்ட்டி அவளைச் சமாதானப்படுத்தவில்லை. "அப்பா பேர் என்னம்மா?" என்றுதான் கேட்டார்.

"ராமமூர்த்தி."

"கண்ணை மூடிக்கம்மா. பேர் சொல்லாம எப்படிக் கேக்கறது?" என்று சொல்லி, என் அப்பாவுக்குக் கேட்டதற்குக் கொஞ்சமும் குறையாத சத்தத்தில் ராமமூர்த்திக்காகவும் கேட்டார். என் அப்பா தலை குனிந்து, மற்ற எல்லோரையும்விட உரக்க "ஆமென்" சொன்னார். கேக்கை வெட்டியதும், காகிதம் போல மெலிசாக அம்மா நறுக்கிய துண்டுகளில் முதல் துண்டை எடுத்துக்கொண்டு அவர் நேராக வந்தனாவிடம் போனார். "அப்பாவை ஒரு நாள் இங்க கூட்டிட்டு வாம்மா. நானும் சும்மாதான் இருக்கேன். உக்காந்து பேசிட்டிருப்போம்" என்றார். தன் வாயால் அவர் அதை வெளி ஆளிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அப்பா மேல் எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ராமமூர்த்தி அங்கிள் வந்தார். முதல் நாள் இருவரும் டீ குடித்தார்களே தவிர அதிகம் பேசவில்லை; அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை வர ஆரம்பித்தார். இருவருக்கும் பிறகு ஏதேதோ வேலைகள் கிடைத்தன, குடும்பங்கள் எழுந்து நின்றன. வந்தனா மட்டும் என் செட்டில் கடைசிவரை நிலைத்தாள்.

இப்போது நான் இருப்பது ராஜகீழ்ப்பாக்கத்தில், ஒரு அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில். இரும்புலியூர் வீடு இருந்த இடத்தில் வேறு கட்டடம் வந்துவிட்டது. ஞானம் ஆன்ட்டி காலமாகிவிட்டார். ஜமுக்காளம் எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டம் போனுக்குள், வாட்ஸ்அப் குரூப்பாகக் குடியேறிவிட்டது. "ஒரு குடும்பத்துக்காக ஜெபிக்கவும்" என்று யாராவது பேர் போடாமல் எழுதுவார்கள், கீழே வரிசையாகக் கூப்பிய கைகள் வந்து விழும், அவ்வளவுதான். அடுத்த வாரம் என் மகளுக்குப் பதினைந்து முடிகிறது. என் கணவர் ஜெபராஜை அவர் கம்பெனியில் போன மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஃப்ரெண்ட்ஸ்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா" என்று மகள் என் முந்தானையைப் பிடிக்கிறாள். குரூப்பில் நான்கு வரி அடித்துவிட்டு நானும் அழித்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் மனசு தாங்காமல் வந்தனாவுக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தேன். அவள் "ஐயோ பாவம்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "காலையில குன்றத்தூர் மலைக்குப் போறேன்டி. உன் வீட்டுக்காரர் முழுப் பேர் என்ன?" என்றாள்.

"ஜெபராஜ்தான். முருகன் கோயில் அர்ச்சனையில ஜெபராஜா? சிரிக்கப் போறாங்கடி. நட்சத்திரம்கூடத் தெரியாதே" என்றேன்.

"சிரிக்கட்டும். பேர் சொல்லாம எப்படிடி கேக்கறது?" என்றாள் வந்தனா. "சத்தமாவே சொல்லிடறேன்."