எனக்கே மௌன அஞ்சலி

போன ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் எனக்கு மௌன அஞ்சலி செலுத்தினார்கள். ஒரு நிமிடம். நானும் எழுந்து நின்று கலந்துகொண்டேன்.

சிரிக்காதீர்கள். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவர்கள் முப்பத்தெட்டு வருடம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். அழைப்பு எனக்கு வரவில்லை. என் கணவர் அன்வரின் செல்லுக்கு வந்தது. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அந்த நம்பரை மட்டும் ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்கிறேன்... ஏன் என்று கேட்காதீர்கள். ‘அவர் தவறிவிட்டார்’ என்று பதில் போட்டேன். நான் யார் என்று சொல்லவில்லை. அப்புறம் மனசு கேட்கவில்லை. கோயம்புத்தூரில் பஸ் ஏறிவிட்டேன்.

அன்வரும் நானும் ஒரே வகுப்பு. அவர் பேகம்பூரில் தோல் வியாபாரக் குடும்பம். நாங்கள் அகரத்தில் பூ விவசாயம். பள்ளியில் ஒரு வார்த்தை பேசியதில்லை — பேசினால் ஹெட்மாஸ்டர் ரூம்தான். காதல் எல்லாம் ஆறு வருடம் கழித்து, கோயம்புத்தூரில், இரண்டு பேரும் வேலைக்குப் போன இடத்தில். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம். அவர் வீட்டில் ஒரு வருடம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒருநாள் பிரியாணிச் சட்டியோடு வந்து சேர்ந்தார்கள். என் வீட்டில் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள்.

மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நரைத்த தலை, கண்ணாடி, கூடிப்போன உடம்பு... யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ‘மறைந்த நண்பர்களுக்கு அஞ்சலி’ என்றார்கள். எல்லோரும் எழுந்தோம். முதல் பெயர் அன்வர். கண் கலங்கிவிட்டது. அடுத்த பெயர் — அகரம் இந்திராணி.

அது நான்!

திரையில் என் படம். குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த முகம், பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி. அன்வருக்காக எழுந்தவள் பாதியில் எப்படி உட்காருவது? நின்றேன். ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெயர்களை வாசித்தவள் தனலட்சுமி. தாடிக்கொம்புக்காரி. பள்ளியில் என் பக்கத்து இடம். அஞ்சலி முடிந்ததும் நேராக அவளிடம் போனேன்.

“தனம், நான் இந்திராணி.”

மைக்கைக் கீழே போட்டுவிட்டாள். “அடியாத்தி... உசுரோடயாடி இருக்க?” என்று கிள்ளிப் பார்த்தாள். என்னைத்தான்.

“ஒங்க அண்ணன்தாண்டி சொன்னாரு. வீட்டுக்கே போயிக் கேட்டேன். காய்ச்சல்ல போயிட்டா, வருசமாச்சுன்னாரு. பொட்டு வச்ச படத்தைக்கூடக் காட்டுனாரு!”

ஆண்கள் விவரத்தை வேறொருவர் சேகரித்திருக்கிறார். பெண்கள் விவரம் தனம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தாலும் எங்கள் கல்யாணம் வகுப்பில் யாருக்குத் தெரியும்? அது கிடக்கட்டும். காய்ச்சலாம்! கூடப் பிறந்தவளுக்குக் கொஞ்சம் பெரிய வியாதியாகக் கொடுத்திருக்கக் கூடாதா?

“அம்மா...?” என்றேன்.

“இருக்காகடி. பூக் கட்டிக்கிட்டு இருந்தாக.”

“கெளம்பு, போவோம்.”

“இப்பவா? சாப்பாடு போடப் போறாகளே.”

“செத்தவளுக்கு என்னடி சாப்பாடு? வா.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அன்வர் ஞாபகம்தான். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் சொல்வார்: “ஒரு தடவை போயி அம்மாவைப் பாத்துட்டு வா இந்து. நான் வெளியவே நிக்கிறேன்.” ‘அவங்க கூப்பிடட்டும், போறேன்’ என்பேன். அம்புட்டு ரோஷம் எனக்கு! யாருக்கு என்ன லாபம்? அவர் வாசலில் நிற்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அகரத்தில் எங்கள் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

“எதுக்கு வந்த?”

“எதுக்குண்ணே என்னைக் கொன்ன?”

“ரெண்டு பொட்டப்புள்ளைகளைக் கட்டிக் குடுக்கணும்ல? அத்தைக்காரி எங்கன்னு வர்றவன் எல்லாம் கேட்டான். ஒரு வார்த்தை... செத்துட்டான்னா அதோட பேச்சு முடிஞ்சுரும்.”

“இன்னுமா கட்டிக் குடுக்கல?”

“அடுத்த மாசம் பேரனுக்குக் காதுகுத்து. சம்பந்தி வீட்டுக்கு நான் என்னத்தைச் சொல்ல?”

“செத்துப் பொழைச்சவன்னு சொல்லு. வழியை விடு.”

விடவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். தனம் என் முந்தானையை இழுத்தாள், “போயிருவோம்டி” என்று. முப்பத்திரண்டு வருடம் போய்த்தானே இருந்தேன்! இனிமேல் முடியாது என்று அங்கேயே நின்றேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல். “யாருடா வாசல்ல?”

“யாரும் இல்லம்மா.”

“நான்தாம்மா. இந்திராணி!” தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அம்மா வந்தாள். பாதி கட்டிய மல்லிகைச் சரம் கையில். அண்ணனை ஒரு கையால் ஒதுக்கினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். “கோயம்புத்தூர்ல இருந்து வர்றதுக்கு இம்புட்டு வருசமாடி ஆச்சு?”

நான் எளிதில் அழுகிற ஆள் இல்லை என்று இதே பக்கத்தில் எத்தனையோ முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குழந்தை மாதிரி அழுதேன்.

உள்ளே சுவரில் அப்பா படம். அவர் போனதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவருக்கு ஒரு முழம் பூ. பக்கத்தில் என் படம். பொட்டு மட்டும்தான், பூ இல்லை. பூக்காரி வீட்டிலா பூவுக்குப் பஞ்சம்? கேட்டேவிட்டேன்.

“அவன்தான் மாட்டுனான், அவன்தான் பொட்டு வச்சான். அமாவாசைக்கு அமாவாசை பூவைத் தூக்கிக்கிட்டு வருவான். நான் விட்டதே இல்ல. எம் புள்ள எங்கயோ நல்லாத்தான் இருக்கா, எடுத்துட்டுப் போடான்னுருவேன்” என்றாள் அம்மா.

பிறகு வாசலை எட்டிப் பார்த்தாள்.

“மாப்பிள்ளை வரலையா?”

மாப்பிள்ளை! அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை வருடம் வீம்பு பிடித்தேன்? வந்துவிட்டது. கேட்க ஆள் இல்லை.

“அவரு போயி மூணு வருசம் ஆச்சும்மா.”

அம்மா சரத்தை மடியில் வைத்தாள். “அவரு பேரு என்ன?” என்றாள். சொன்னேன். “அன்வரு” என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைவிட அதிகக் கோபம் என் மேல். அவர் சொன்னது ஒரு பொய். நான் காத்திருந்ததோ முப்பத்திரண்டு வருடம்.

அடுத்த மாதம் காதுகுத்துக்குப் போகிறேன். பத்திரிகையில் என் பெயர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. முன்வரிசையில் அம்மா பக்கத்தில் உட்காரப் போகிறேன். சம்பந்தி வீட்டார் கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன் — நான் அன்வரின் மனைவி என்று.

நீங்களும் யாரையாவது ‘அவங்க கூப்பிடட்டும்’ என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா?

கூப்பிடாத வீட்டுக்கும் பஸ் போகிறது.