நாலு மீட்டர் ரிப்பன்

போன மாசம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பரிசுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த பெண் நீளமான சாட்டின் ரிப்பன் ஒன்றை உருவி என் மடியில் போட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். நுனியைப் பிடித்து மணிக்கட்டை லேசாகச் சுழற்றிவிட்டேன். நாலைந்து சுருள்கள் வரிசையாக விழுந்து எழுந்தன. பக்கத்து நாற்காலிப் பெண் கண்ணை விரித்து, "ஆன்ட்டி, நீங்க டான்ஸரா?" என்றாள். என் உடம்பைப் பார்த்தும் அப்படிக் கேட்டாளே, அவள் நன்றாக இருக்கட்டும். "இல்லம்மா. ஆடினவ வேற. நான் டேப்ரிக்கார்டர் பட்டனை அமுக்கினவ" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்காவது விவரமாகச் சொல்கிறேன்.

புது சாட்டினுக்கு ஒரு வாசனை உண்டு, கஞ்சியும் பெட்டி அட்டையும் கலந்த மாதிரி. கோவில்பட்டி பஜாரில் எங்கப்பாவின் பேன்சி ஸ்டோரில் காலையில் கதவைத் திறந்ததும் முதலில் அதுதான் வரும். பிறகுதான் பவுடர், சாந்து, கண்ணாடி வளையல் சுற்றிய வைக்கோல் எல்லாம். பள்ளிக்கூடத்தில் ரெட்டைச் சடையை மடித்துக் கட்டியே ஆக வேண்டும் என்பதால் ரிப்பன்தான் எங்களுக்கு அன்றாட வியாபாரம். அந்த ரிப்பனைக் கொண்டு ஒருத்தி இந்தியாவிலேயே முதலாவதாக வருவாள் என்று அப்போது யார் சொல்லியிருந்தாலும் எங்கப்பா கல்லாவை விட்டு எழுந்து வந்து சிரித்திருப்பார்.

அவள் பெயர் செண்பகம். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமம். அவள் அய்யாவுக்கு மிளகாயும் பருத்தியும் போடுகிற கரிசல் நிலம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்காக இங்கே அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். கழுத்து நீளம், கை நீளம். பென்சில் கீழே விழுந்தால் முழங்காலை மடக்காமல் குனிந்து எடுப்பாள். எனக்கு அது பெரிய அதிசயம். நான் குனிந்தால் நிமிர்வதற்குப் பெஞ்சைப் பிடிக்க வேண்டும், அந்த வயதிலேயே.

அந்த வருஷம்தான் சினிமாவுக்குப் போனோம். படத்துக்கு முன்னால் சர்க்கார் நியூஸ் ரீல் போடுவார்கள். அணைக்கட்டு, மந்திரி, வெள்ளம், கடைசியில் விளையாட்டு. அன்றைக்கு ஒரு வெளிநாட்டுப் பெண், கையில் ஒரு குச்சி, குச்சி நுனியில் ரிப்பன். அரை நிமிஷம் இருக்குமா? அவள் ஓடினாள், ரிப்பன் பாம்பாக நெளிந்தது, மேலே பறந்தது, அவள் உருண்டு எழுந்து பிடித்தாள். அவ்வளவுதான், படத்தின் பெயர் வந்துவிட்டது. செண்பகம் என் கையைக் கிள்ளியபடியே இருந்தாள். படம் என்ன கதை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரம் இன்னும் மூன்று தடவை போனோம். நியூஸ் ரீல் முடிந்ததும் எழுந்து வெளியே வந்துவிடுவோம். கேட்டில் நிற்பவருக்குத் தாங்கவில்லை.

"என்னம்மா, படம் புடிக்கலியா?"

"பாத்தாச்சு அண்ணாச்சி" என்றாள் செண்பகம்.

"இன்னும் பேரே போடலியே!"

மறுவாரம் படம் மாறியது, ரீலும் போனது. ஆனால் அதற்குள் அவள் உடம்பு அதை வாங்கிக்கொண்டுவிட்டது.

முதல் குச்சி பருத்திமார், அடுப்பெரிக்கக் கட்டிவைத்திருக்கும் காய்ந்த பருத்திச் செடியின் தண்டு. ரிப்பனை நேரே முடிந்தால் முறுக்கிக்கொண்டது. இடையில் ஒரு சாவி வளையத்தைக் கோத்தால் சுழலும் என்று கண்டுபிடித்தது நான். என் வாழ்நாளின் ஒரே விஞ்ஞானக் கண்டுபிடிப்பு அது. வெளியே பழக முடியாது. எங்கள் ஊர்க் காற்று ரிப்பனை அவளிடமிருந்து பிடுங்கும். அத்தை வீட்டு மாமாவுக்குப் பருத்தி மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கி ஒன்று இருந்தது. சீசன் முடிந்தால் காலி. உயரமான கூரை, வழுவழுவென்று சிமெண்டுத் தரை. எங்கே கால் வைத்தாலும் பஞ்சு பறக்கும். சாயங்காலமெல்லாம் தும்மிக்கொண்டே பழகினோம். அதாவது அவள் பழகினாள், நான் தும்மினேன்.

பத்தாம் வகுப்பில் பி.டி. டீச்சர் வந்து, "மாநிலப் போட்டியில ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ்னு ஒண்ணு புதுசா சேத்திருக்காங்க. அது என்னன்னு எனக்கே தெரியாது. யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். செண்பகம் எழுந்து நின்றாள். "எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள். அரை நிமிஷ நியூஸ் ரீலை நம்பி அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

உடுப்புதான் சிக்கல். அத்தை உடம்போடு ஒட்டின மாதிரி ஒன்று தைத்துவிட்டாள். சேதி கேட்டு அய்யா பஸ் ஏறி வந்தார். உடுப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன, பச்சப்புள்ளக்கித் தச்சதா?"

"எனக்குத்தான்யா. இழுத்தா நீளும்."

"இதப் போட்டுக்கிட்டா ஊரு முன்னால நிக்கப் போற?"

"நிக்க மாட்டேன்யா. ஆடுவேன்."

அத்தை உள்ளே போய்ச் சிரித்தாள். அய்யா சிரிக்கவில்லை. கிட்டங்கிக்கு வந்து ஒருமுறை பார்த்தார். "ஒரு தடவ. ஒரே தடவ" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அந்த ஒரு தடவையைக் கெடுத்தது நான். மதுரையில் போட்டி. ஆடப்போகும் முன்னால் நடுவர் அம்மா டேப்பை எடுத்து ரிப்பனை அளந்தார். ஆறு மீட்டர் இருக்க வேண்டுமாம். எங்களுடையது நாலு. திரையில் பார்த்த அளவுக்கு நானே உத்தேசமாகக் கத்தரித்தது! மார்க்கு குறையும், ஆடுவதென்றால் ஆடு என்றார்கள். ஆடினாள். மொத்தம் ஆறு பேரில் ஐந்தாவதாக வந்தாள்.

ரயிலில் திரும்பும்போது நான் அழுதேன். அவள் நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"நாந்தான் ஏட்டி கெடுத்துட்டேன்."

"நாலு மீட்டருக்கே அத்தன பேரும் வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தாவ. ஆறு மீட்டர் குடுத்துப் பாரு" என்றாள். அவள் குரலில் வருத்தம் என்பதே இல்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அடுத்து வந்த மாசி மாதம், மிளகாய்ப் பழம் பறிக்கிற நேரம். சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். போனதும் அய்யாவுக்குப் பக்கத்து வரிசையில் குனிந்து பறிக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் பறித்தேன். பறித்த கையால் கண்ணைத் தேய்த்ததைச் சொல்ல விரும்பவில்லை. மத்தியானம் கஞ்சி குடிக்கும்போதுதான் பேச்சை எடுத்தாள்.

"அய்யா, இந்த வருசமும் போறேன்."

"ஒரு தடவன்னுதான சொன்னேன்?"

"அந்த ஒரு தடவ இன்னும் வரலய்யா. அளவு கொறஞ்ச ரிப்பன்ல ஆடினது போட்டியா? அவியளே ஒத்துக்கிடல."

எரிகிற கண்ணோடு நான் சொன்னேன்: "தப்பு என்னோடது மாமா. நான்தான் கொறச்சு வெட்டிட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்கப்பா கடையில அளக்குறது இந்த லட்சணந்தானா?" என்றார். பிறகு தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வேலைக்கு எழுந்தவர் திரும்பி, "இந்தத் தடவ எந்தூர்ல நடத்துதாவ?" என்று கேட்டார்.

அதுதான் சம்மதம்.

இசைக்கு ஒரே ஒரு வாத்தியம் இருக்க வேண்டும் என்று விதி. மற்றவர்கள் எல்லாரும் பியானோ கேசட் வைத்திருந்தார்கள். எங்களுக்கு யார் இருக்கிறார்கள் பியானோ வாசிக்க? கோயில் நாயனக்காரரைக் கிட்டங்கிக்கு அழைத்துவந்தோம். "எத்தன நிமிசம் வாசிக்கணும்?" என்றார். ஒன்றரை நிமிஷம் என்றோம். "ஒண்ணர நிமிசத்துல நான் சுதியே சேத்திருக்க மாட்டேனே தாயி!" என்றவர், அரைநாள் எங்களோடு மல்லுக்கட்டி வாசித்துக் கொடுத்தார்.

இரண்டாவது போட்டி சென்னையில். நான் பட்டனை அமுக்கினேன். நாயனம் கிளம்பியதும் அரங்கமே கல்யாணம் எங்கே என்று திரும்பிப் பார்த்தது. செண்பகம் ஓடிவந்தாள். பாதியில் குச்சிக்குப் பக்கத்தில் ரிப்பன் முடிச்சு விழுந்ததைப் பார்த்துவிட்டேன். அவள் நிற்கவில்லை. அந்த இடத்தில் சின்னச் சுருள்தான் போட வேண்டும். அதை விட்டுவிட்டுக் கையைத் தோளிலிருந்து வீசி, தலைக்கு மேல் பெரிய வட்டம் ஒன்று போட்டாள். முடிச்சு அவிழ்ந்து ஆறு மீட்டரும் விரிந்தது. அப்புறம் தூக்கி எறிந்து, இரண்டு முறை உருண்டு, பார்க்காமலேயே கையை நீட்டினாள். குச்சி வந்து உட்கார்ந்தது. முதல் பரிசு.

அதற்குப் பிறகு வேகமாகச் சொல்லிவிடலாம், ஜெயித்த கதை எல்லாம் ஒரே மாதிரிதானே. மதுரையில் கல்லூரி, விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலை, தேசியப் போட்டியில் மூன்று தங்கம். ஒருமுறை வெளிநாட்டுக்கும் போனாள். கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடுகிற இடம். "அவியளுக்கு நடக்கப் பழகையிலேயே கத்துக் குடுத்துருதாவ. நமக்கு நியூஸ் ரீலு" என்று ஊருக்கு வந்து சிரித்தாள். உள்நாட்டில் நடந்த எல்லாப் போட்டிக்கும் அய்யா வெள்ளை வேட்டியோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

எண்பதுகளின் கடைசியில் முழங்கால் கெட்டது. டாக்டர் வேண்டாம் என்ற பிறகும் ஒருமுறை ஆடி, பதினாலு வயதுச் சின்னப் பெண்ணிடம் தோற்றாள். "நான் மார்க்குப் போட்டிருந்தா அவளுக்கு இன்னும் கூடக் குடுத்திருப்பேன்" என்று சொல்லி அன்றோடு நிறுத்திக்கொண்டாள். அந்தச் சொல்லில் ஒரு பிசிறில்லை.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தோம். களத்தில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. அய்யா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன். நீ அத மேல தூக்கிப் போடும்போதெல்லாம் நான் கண்ண மூடிக்கிடுவேன். கை தட்டுற சத்தம் கேட்டப்புறந்தான் தொறப்பேன்."

"அத்தன வருசமுமா?"

"அத்தன வருசமும். விழுந்துருச்சுன்னா எப்படிப் பாக்க? இப்ப ஒருக்காப் போடு. போட்டி இல்லல்லா, பாக்குதேன்."

அவள் பெட்டியைத் திறந்து ரிப்பன் குச்சியை எடுத்துவந்தாள். மிளகாய் இல்லாத மூலையில் நின்று, காற்று அடங்கக் காத்திருந்தாள். எறிந்தாள். அய்யாவின் தலை அண்ணாந்தபடியே போயிற்று, தோள்துண்டு நழுவி விழுந்தது. அவள் உருளவில்லை, முழங்கால் விடாது. நின்ற இடத்திலேயே பிடித்தாள்.

"இம்புட்டு ஒசரமா போவுது?" என்றார் அவர்.

அடுத்த வருஷம் அவர் இல்லை. தம்பிகள் கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார்கள், நிலம் கைமாறியது. இந்தத் தையில் நானும் செண்பகமும் குளத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்கு அவள் ஊர் வழியாகத்தான் போனோம். ரெண்டு பக்கமும் வேலிக்கருவை முள்மரம் மண்டிக்கிடந்தது. "அங்கனதான் ஏட்டி நம்ம களம்" என்று அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது.