மேல் வீட்டுக் கதவைத் தட்டச் சொன்னார்கள்

இன்று மதியம் கோலாலம்பூர் பக்கம் பூச்சோங்கில் எங்கள் பிளாட்டில் நடந்ததை இந்தக் குழுவில் எழுதியே ஆக வேண்டும்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். சாப்பாட்டோடு படியேறும்போது இரண்டு பேர் நிறுத்தினார்கள். சில நாளாக லிப்ட் ரிப்பேர் பார்த்தவர்கள். இன்று போலீஸ் கார்டைக் காட்டினார்கள்.

“அக்கா, மேல மோகன் வீட்டுல ஒரு எம்.பி.யோட உதவியாளர கட்டி வச்சிருக்காங்க. தீவிரவாதக் கும்பல். நீங்க எப்பவும் போல கதவத் தட்டிக் கூப்புடுங்க. கதவு தெறந்ததும் கீழ உக்காந்துருங்க.”

மோகனா? தினமும் என்னிடம் சாப்பாடு வாங்குகிற பையன். மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

“தம்பி, சாப்பாடு வந்துருச்சு லா!”

சிரித்தபடி திறந்தான். நான் உட்கார்ந்தேன். என்னைத் தாண்டி ஆட்கள் உள்ளே பாய்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கண் கட்டிய ஒருவரைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது.

பின்னால் விலங்கோடு மோகன் வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான். முகத்தில் கோபமே இல்லை.

“ஆன்டி, உங்க சாப்பாடு எங்க ஆளுங்க எல்லாருக்கும் புடிக்கும். வெளிய இருக்கறவங்க கண்டிப்பா வருவாங்க.”

சாயங்காலத்திலிருந்து மூன்று புது நம்பர்கள் நாளைக்குச் சாப்பாடு கேட்டிருக்கின்றன. அந்த நம்பர்கள் இந்தக் குழுவில் உங்களில் யாருடையதாவது இருந்தால், தயவுசெய்து கீழே பெயரைப் போட்டுவிடுங்கள்.