பக்கத்துக் கட்டிலுக்கும் ஒரு கை

அறுவை முடிந்த ஆறாம் நாள், தொடையில் போட்ட கட்டின்மேல் எலுமிச்சம்பழ அளவுக்கு ஈரம் தெரிந்தது. வியர்வை என்று நானே முடிவு செய்தேன். நாலு புத்தகம் படித்தவனுக்கு முடிவு செய்வதில் தயக்கமே வராது. ஐந்தாவதைப் பரணிலிருந்து இறக்கப் போனபோதுதான் ஏணி சறுக்கித் தொடையெலும்பு முறிந்தது. விழுந்தது சின்னசேலத்தில், என் வீட்டில். உள்ளே கம்பி வைத்தது கள்ளக்குறிச்சியில், ஒரு தனியார் மருத்துவமனையில்.

பொது வார்டில் எட்டுக் கட்டில்கள். என் பக்கத்தில் வெள்ளையன். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் மரவள்ளி போடுகிறவர். குடல்வால் வெடித்து, வயிற்றைத் திறந்து தைத்திருந்தார்கள். துணைக்கு அவர் மனைவி சடைச்சி.

நோயாளிக்கு ஒரு துணை என்பது மருத்துவமனை விதி. அந்தத் துணை வார்டுக்கே துணை என்பது நம் வழக்கம். எந்தக் கட்டிலில் இருமினாலும் யாராவது எழுந்துபோய் முதுகைத் தடவுவார்கள். பிள்ளைகளைப் பார்க்க இரண்டு நாள் மலைக்குப் போன சடைச்சி, என் மனைவி சரோஜாவிடம் தன் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"கஞ்சி வேணாம்னு முரண்டு பண்ணுவாரு அக்கா. கொஞ்சம் பாத்துக்கோங்க."

"நீ போயிட்டு வாம்மா. எங்க வூட்டுக்காரரையே இத்தினி வருஷமா மேய்ச்சிக்கினு இருக்கேன். இவரு இன்னா, தங்கமான மனுஷன்."

என் ஈரக்கட்டைச் சரிசெய்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சரோஜா வெள்ளையனைத் தூக்கி உட்காரவைத்தாள். கஞ்சி ஊட்டினாள். வயிற்றுப் புண்மேல் நழுவிய பிளாஸ்திரியை ஒட்டினாள். நான் படுத்தபடியே அவளைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். அந்த நிலையில் என்னால் முடிந்த ஒரே உழைப்பு அது.

மறுநாள் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. புண்ணிலிருந்து சீழ் எடுத்து கல்ச்சர் (கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்கும் சோதனை) செய்ய அனுப்பினார்கள். மூன்று நாளில் தாள் வந்தது. மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் 'ஆர்', அதாவது இந்த மருந்துக்குக் கிருமி கேட்காது. ஆசிரியராக நான் திருத்திய தாள்களில் இப்படி எல்லாப் பாடத்திலும் தேறிய மாணவன் ஒருவனும் இல்லை. கடைசி வரியில் மட்டும் கொலிஸ்டின் (வேறெதுவும் கேட்காதபோது போடும் பழைய ஊசி, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது) மிஞ்சியிருந்தது.

என்னைத் தனியறைக்கு மாற்றினார்கள். கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது என்றார் மருத்துவர்.

சரோஜா கேட்டாள்: "பக்கத்து பெட்டுக்காரருக்கும் ஜுரமாமே டாக்டர். அவரு வூட்டம்மா இல்லாத ரெண்டு நாளும் நான்தான் இவரையும் அவரையும் மாத்தி மாத்தித் தொட்டுக்கினு இருந்தேன்."

மருத்துவர் பேனாவை மூடித் திறந்தார். "இவர்கிட்டேருந்து அவருக்கா, அவர்கிட்டேருந்து இவருக்கா, எங்க கையிலேருந்தே ரெண்டு பேருக்குமான்னு சொல்ல முடியாதும்மா. இது ஆஸ்பத்திரியிலயே குடியிருக்கற கிருமி."

அதற்குள் சடைச்சி மலையிலிருந்து திரும்பியிருந்தார். வெள்ளையனின் தையல் விட்டுப்போயிற்று. சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். சொல்லிக்கொண்டு போக சடைச்சி எங்கள் அறை வாசலுக்கு வந்து, சரோஜாவின் கையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினார்.

அப்போதுதான் என் புண்ணைத் தொட்ட கையுறையைக் கழற்றி, இன்னும் கை கழுவாதிருந்த சரோஜா, சட்டென்று கைகளை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

மலைக்காரி நீட்டிய கையைக் கீழ்நாட்டுக்காரி தொடாமல் பின்வாங்கினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு பொருள்தான் உண்டு. சடைச்சி தன் கைகளைப் பார்த்தார். புடவையில் துடைத்துக்கொண்டார்.

"வரேங்க" என்றார். அக்கா என்ற சொல் இல்லை.

"இல்லம்மா, கிருமி..." என்று சரோஜா தொடங்குவதற்குள் கீழேயிருந்து ஆம்புலன்ஸ்காரர் கூப்பிட்டுவிட்டார். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழும்வரை பேசக்கூடிய நான், கட்டிலில் ஊமையாகக் கிடந்தேன்.

புண்ணை மறுபடி திறந்து கழுவினார்கள். பதினான்கு நாள் கொலிஸ்டின். தினமும் என் சிறுநீரை அளந்து எழுதினாள் சரோஜா. சடைச்சியின் எண்ணுக்கு அவள் போட்ட அழைப்புகளை யாரும் எடுக்கவில்லை.

இப்போது அப்படி ஒரு வார்டிலிருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், பக்கத்துக் கட்டிலுக்கு உதவுங்கள். ஆனால் ஒரு கட்டிலிலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கையை இழுத்துக்கொள்ள வேண்டிவந்தால், காரணத்தை முதலில் சொல்லிவிடுங்கள்.

வீடு திரும்பிய இரண்டாம் மாதம் சரோஜா மறுபடி அழைத்தபோது மலையில் மணி அடித்தது. சடைச்சியே எடுத்தார். சேலத்தில் பதினோராம் நாள் வெள்ளையன் இறந்துவிட்டார். சரோஜா அழுது முடித்துச் சொன்னாள்: "அன்னிக்கு நான் கையை இழுத்துக்கினது கிருமிக்காகம்மா. வேற ஒண்ணும் இல்ல. அவருக்கு அது என் கையாலகூட வந்திருக்கலாம்."

சடைச்சி சொன்னார்:

"தெரியுங்க. சேலத்துல எங்களையும் அப்பிடித்தான் தனியா வச்சாங்க. நானே அவரைத் தொட முடியல. அப்பதான் புரிஞ்சிது." பிறகு, "ஆனா அன்னிக்கி எனக்குத் தெரியாதுங்களே" என்றார்.

கால் எலும்பு கூடிவிட்டது. கம்பியை ஒட்டிக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கலாம், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள் என்றிருக்கிறார் மருத்துவர். அதனால் என் நாள் இப்போது ஒரு வெப்பமானிப் பார்வையிலிருந்து அடுத்ததுவரை நீள்கிறது. இந்தத் தோலுக்குள் இருப்பது நான் ஒருவன்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்ல மாட்டேன். மருத்துவமனையை விட்டு வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது என்கிறாள் சரோஜா. இருக்கலாம். அந்த வாசலில் இரண்டு கைகள் இன்னும் நீட்டியபடியே இருக்கின்றன.