பகலில் தூங்கும் தெரு

பெரியவளே, நீ அம்மா வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதுதான் நாங்கள் வாடகைக்கு வீடு தேடினோம். நெய்வேலி சுரங்கத்தில் எனக்கு காண்ட்ராக்ட் வேலை. குவார்ட்டர்ஸ் எல்லாம் பெர்மனென்ட் ஆட்களுக்குத்தான். அதனால் வெளியூரில் தங்கி பஸ்ஸில் போய்வர வேண்டும்.

வடலூரில் ஒரு வீடு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பஸ் தெருமுனையிலேயே நிற்கும். காலை பதினொரு மணிக்குக்கூடத் தெருவில் ஒரு சத்தம் இல்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

"காத்து நல்லா வருதுங்க" என்றாள் உன் அம்மா.

வீட்டுக்கார அம்மா உதட்டில் விரல் வைத்தார். "மெதுவா பேசும்மா. மாடியில நைட் ஷிஃப்ட் ஆளு தூங்கிகினு இருக்காரு. எதிர் வூட்லயும் அப்படித்தான்."

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். "ஏங்க, பொறக்கப்போற புள்ளைக்கு யாரு ஷிஃப்ட் போட்டுக் குடுக்கறது? பகல்ல அழாதேன்னு நீங்க சொல்லி வைப்பீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடு பார்க்கப் போனவன் என் தூக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் குள்ளஞ்சாவடியில், கடைத்தெருவை ஒட்டி இந்த வீட்டை எடுத்தோம். பஸ்ஸில் கூடுதலாக அரைமணி நேரம் போகும். ஹாரன் சத்தம் ஓயாது. நீ பிறந்த பிறகு பட்டப்பகலில் தொண்டை கிழிய அழுவாய். பக்கத்து வீட்டு அக்கா, "மகாராணி கூப்பிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்து உன்னைத் தூக்கிக்கொள்வார். நான் காதோடு துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்கப் பழகினேன். உன் தம்பி பிறந்தபோதும் அதே துண்டுதான்.