பிந்திய செத்தவீடு

யாழ்ப்பாணத்தாருக்குச் சோதனை என்று ஒன்று வந்துவிட்டால் சாவுகூடக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்க வேண்டும். பரீட்சை எழுதுகிற பிள்ளையிடம் துக்கச் செய்தி சொல்ல மாட்டார்கள். கடைசித் தாளை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்த பிறகுதான் மெல்ல வாயைத் திறப்பார்கள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, நான் சின்னப் பிள்ளையில்லை. லண்டன் இல்ஃபோர்டில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே சட்டத்தின் இறுதிச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கார்த்திகையில் ஊரில் என் தகப்பனார் இறந்துபோனார். அவரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். என் கணவர் அந்தச் செய்தியை என்னிடம் ஐந்து கிழமை மறைத்து வைத்திருந்தார்.

மறைத்ததோடு விட்டிருந்தால் நான் எப்போதோ மன்னித்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் பேசுவது அந்த நாட்களில் அவருடைய வேலை. நான் படிக்க வேண்டுமே. பேசிவிட்டு வந்து அறைக் கதவில் சாய்ந்து நின்று, "ஐயா சுகமாம். ஒண்டுக்கும் யோசிக்காமல் படிக்கட்டாம்" என்பார். செத்தவருடைய வாயில் ஐந்து ஞாயிறு அவர் சொல் வைத்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் எழுதி, பாஸும் பண்ணினேன். நாசமாய்ப் போன பாஸ்.

சோதனை முடிந்த மறுநாள் லண்டனின் மறுகோடி சட்டனிலிருந்து ஒரு மாமி போன் எடுத்தா. "முப்பத்தோராம் நாள் காரியமெல்லாம் வடிவா முடிஞ்சுதாமே பிள்ளை" என்று கேட்டா. எனக்குத் தெரியாதென்று அவவுக்குத் தெரியாது. சண்டை நின்று பாதை திறந்திருந்த, ஊருக்குப் போய்வரக்கூடிய காலம் அது. போயிருக்கலாம். என் கணவர் சமையலறையில் நின்று, "உம்மட நல்லதுக்குத்தான்" என்றார். பிறகும் எத்தனை தரம் கேட்டாலும் அதைத்தான் சொன்னார். ஐயா இறந்துபோனார் என்று ஒருநாளும் தன் வாயால் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவரை "இஞ்சருங்கோ" என்று கூப்பிடுவதை நிறுத்தினேன். "தேத்தண்ணி மேசையில இருக்கு" என்று சுவருக்குச் சொல்வேன். அவர் சுவருக்காகக் குடிப்பார். தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் எனக்கு முன்பே செய்தி தெரிந்திருந்தது. மீன்கடைக்காரருக்குக்கூட. ஆனி மாதம் வந்ததும், தமிழர் ஒருவரும் இல்லாத இடத்துக்குப் போக வேண்டும் என்று சுவரிடம் சொன்னேன். ஸ்கொட்லாந்துக்கும் வடக்கே ஓர்க்னித் தீவுகளுக்கு அவர் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே ரைஸ் குக்கரும் வந்தது. தனியாகப் போக எனக்கு வீம்பு இருந்தது, துணிவு இருக்கவில்லை.

ரயில், பிறகு இன்னொரு ரயில், பிறகு கப்பல். கப்பல் சிவந்த பாறைச் சுவர்களை ஒட்டிப் போனபோது மேலே மேகமும் கீழே கடலும் ஒரே சாம்பல் நிறமாயிருந்தன. நான் விழித்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. தீவில் மரமே இல்லை. புல், கல், மாடு, காற்று. காற்று ஒரு நொடியும் ஓயவில்லை, ஆனால் அதட்டவுமில்லை. வா, வா என்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. இரவு சாப்பிட்டுக் கை கழுவிப் படுக்கப் போகும்போதும் ஜன்னலில் வெளிச்சம். எந்த நாள், எத்தனை மணி என்பதெல்லாம் என்னிடமிருந்து மெல்லக் கழன்றுபோயின. வயல் நடுவே ஆளைவிட உயரமான கற்கள் வட்டமாக நின்றன. யாரோ ஏதோ சொல்லப் போகிறார்கள் என்று அவை காத்திருப்பதாக எனக்குப் பட்டது. கணவர் வாடகைக் காரை மெதுவாக ஓட்டினார். ஒன்றும் பேசவில்லை. அந்த மட்டில் நல்ல மனிதர்.

மூன்றாம் நாள் ஒரு பண்ணை வீட்டுக்குப் போனோம். அவர்களுடைய நிலத்தின் ஓரத்தில், கடல் பாறைமேல், ஐயாயிரம் ஆண்டுப் பழமையான கல்லறை ஒன்று இருந்தது. பண்ணைக்காரப் பெண்மணி முதலில் தன் முன்னறையில் எங்களை இருத்தி, அந்தக் கல்லறையில் கிடைத்த ஒரு மண்டையோட்டை எடுத்து என் கையில் வைத்தா. பாரமே இல்லை. கணவர் மூன்று அடி பின்னால் போனார். "கை கழுவிப்போட்டு வாரும்" என்று அங்கிருந்தே கிசுகிசுத்தார். அந்தப் பெண்மணி சொன்னா: இறந்தவர்களை அந்தக் காலத்து ஆட்கள் உடனே கல்லறைக்குள் வைக்கவில்லையாம். எலும்பு மட்டும் மிஞ்சுகிற வரையில் வேறெங்கோ விட்டுவைத்து, நெடுநாள் கழித்துத்தான் இங்கே கொண்டுவந்தார்கள் என்று ஆராய்ச்சிக்காரர் நினைக்கிறார்களாம்.

அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ இளகியது. இவர்களுக்கும் செத்தவீடு பிந்தித்தான் நடந்திருக்கிறது. பிந்தியதற்காக யாரும் அதைச் செய்யாமல் விடவில்லை.

கல்லறைக்கு நாங்கள் இருவர் மட்டும் நடந்து போனோம். புல் மூடிய ஒரு மேடு. ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குத்தான் வாசல். முழங்கால் நோகாமல் போக ஒரு சக்கரப் பலகையும், பிடித்து இழுக்க ஒரு கயிறும் வைத்திருந்தார்கள்.

"நான் வரேல்லை. செத்தவீட்டுக்குள்ள போனால் தலை முழுக வேணும். இந்தக் குளிருக்கு ஏலாது," என்றார் கணவர்.

நான் பலகையில் மல்லாந்து படுத்துக் கயிற்றை இழுத்தேன். முகத்துக்கு மேலே கல் ஊர்ந்து போயிற்று. உள்ளே சேர்ந்ததும் காற்று நின்றுவிட்டது. மூன்று நாளாக இரைந்த காது திடீரென்று வெறுமையானது. பின்னாளில் கூரையில் பதித்திருந்த கண்ணாடி வழியே பச்சை வெளிச்சம் இறங்கியது, கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி. பக்கங்களில் சின்னச் சின்னக் கல் அறைகள், எல்லாம் வெறுமை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. ஐயாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அழுகை வரவில்லை. எனக்குள் ஐயா இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் சுகமாகத்தான் இருந்தார்.

"இஞ்சருங்கோ," என்று கூப்பிட்டேன். "உள்ளுக்கு வாங்கோ."

கயிறு இழுபட்டுப் பலகை வெளியே போயிற்று. பிறகு அது உள்ளே உருண்டது. பாதியில் அவருடைய வயிறு சிக்கியது. முக்கி முனகி, தலை மயிரெல்லாம் மண்ணாக வந்து சேர்ந்தார். எனக்கு எதிரே கல்லில் முதுகை வைத்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்கோ," என்றேன்.

"என்னத்தை?"

"கார்த்திகையில சொல்லாததை."

"உம்மட நல்லதுக்குத்தான் நான்..."

"அது வேண்டாம். செய்தியைச் சொல்லுங்கோ. எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு நினைச்சுச் சொல்லுங்கோ."

அவர் இரண்டு தரம் வாயெடுத்தார். மூன்றாம் தரம்தான் சொல் வந்தது.

"உம்மட ஐயா செத்துப்போனார்."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை விடியக்காலமை. நித்திரையிலயே."

"ஆர் பக்கத்தில இருந்தது?"

"உம்மட தம்பி. தேத்தண்ணி குடுக்க எழுப்பினவராம்."

நான் ஆறு மாதமாகக் கேட்கப் பயந்திருந்ததைக் கேட்டேன். "ஐயா கடைசியா என்னைப் பற்றி என்ன சொன்னவர்?"

அவருடைய உதடு அசைந்தது. படிக்கட்டாம், சுகமாம் என்று ஏதோ ஒன்று அங்கே தயாராக வந்து நின்றதைப் பச்சை வெளிச்சத்தில் பார்த்தேன். அதை அவர் சொல்லியிருந்தால் நான் தனியாகத்தான் லண்டனுக்குத் திரும்பியிருப்பேன்.

"தெரியாது," என்றார். "நான் ஒருத்தரையும் கேக்கேல்லை. எனக்குப் பயமாயிருந்தது."

அவர் சொன்னதை நான் நம்பினேன். ஐயா இல்லை என்பது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. ஊரில் செத்தவீட்டில் பெண்கள்தான் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஆண்கள் வெளியே பந்தலில் நிற்பார்கள். அவர் குனிந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்து, பெண்கள் போடுகிற மாதிரியே என் தோளில் கையைப் போட்டார். "ஐயோ, என்ர ஐயா" என்று நான் தொடங்கினேன். அவரும் சேர்ந்து அழுதார்.