சிக்னல் எட்டாத முறுக்கு

என் சொந்த வயிற்றுக்குத் தெரியாமல் முறுக்குத் தின்பதற்காக நான் ஒருமுறை கெல்லருக்குள் ஒளிந்திருக்கிறேன். பிராங்பேர்ட்டில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் நிலத்தடி அறை அது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எனக்கு நாற்பத்தெட்டு வயது, நூற்றுப் பதினெட்டுக் கிலோ. நிறைய வாசிக்கிற மனிதன் என்று எங்கள் ஆட்களிடம் எனக்கொரு பெயரும் இருந்தது.

அப்போது விமான நிலையத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, குளிசைக்கு அடங்கவில்லை. அடுத்தது இன்சுலின் ஊசிதான் என்றார் டாக்டர். ஊசி என்றால் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்களோ என்ற பயம் என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வுக்கு ஆள் தேடினார்கள். வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து இரைப்பைக்கு வயர்கள். சாப்பாடு வருவதை உணர்ந்து மின்சாரம் கொடுக்குமாம். வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுமாம். படிவம் பத்துப் பக்கம். கையெழுத்துப் போடும் பக்கத்தை மட்டும் கவனமாக வாசித்தேன்.

பெட்டியை வைத்தபிறகு ஒவ்வொரு டெர்மினுக்கும், அதுதான் டாக்டர் தரும் தவணைக்கும், போகும்போது தாதி என் வயிற்றில் ஒரு தட்டை வைத்து, கணினியில் எதையோ வாசிப்பார். நான் தின்றது, தின்ற நேரம் எல்லாம் அதில் பதிவாகிறது என்று நானே முடிவுகட்டினேன். அன்றோடு நிம்மதி போயிற்று. முறுக்கு டப்பாவைத் திறக்கும்போதே வயிறு துடித்தது. பஸ் ஓட்டும்போதும் ஒரு கை வயிற்றுக்குப் போய்ப் போய் வந்தது. ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு விருந்தில், இரண்டாந்தரம் சோறு போட வந்த அக்காவிடம் தட்டைப் பொத்திக்கொண்டு, "ஏலாது அக்கா, மிஷின் விடாது" என்றேன்.

"அப்ப மிஷினுக்கும் சேர்த்துப் போடுறன், கையை எடுங்கோ."

எடுக்கவில்லை. அவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

கெல்லரில் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் எட்டாது. அப்படியானால் பெட்டிக்கும் எட்டாது என்பது என் விஞ்ஞானம். பாதி முறுக்கைக் கடித்ததும் வலப்பக்கம் சுருக்கென்றது. மீதியை அங்கே அடுக்கி வைத்திருந்த எங்கள் காரின் குளிர்கால டயருக்குள் ஒளித்துவிட்டுப் படியேறி ஓடிவந்தேன்.

ஆறு மாதம் முடிந்தது. சீனி இறங்கியிருந்தது, ஒன்பது கிலோ குறைந்திருந்தது, ஊசி வேண்டாம் என்றார்கள். பஸ் தப்பியது. நான் பெட்டிக்கு நன்றி சொல்லத் தொடங்க, டாக்டர் இடைமறித்தார். சிலருடைய கருவியை முதல் ஆறு மாதம் இயக்காமலே விட்டிருந்தார்களாம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. என்னுடையதும் அதில் ஒன்று. "ஏழாம் பக்கத்தில் எழுதியிருந்தோமே" என்றார்.

அந்தப் பெட்டியை வெளியே எடுத்தும் வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் மூன்றாவது வடைக்குக் கை நீளும்போது வலப்பக்கம் சுருக்கென்கிறது. அது யார் என்று நான் விசாரிப்பதில்லை. விசாரித்தால் போய்விடுமோ என்று பயம்.

டாக்டர் ஏழாம் பக்கத்தைக் காட்டிய அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. டயர் மாற்றக் கெல்லருக்குப் போயிருந்தவர், கல்லாகிப்போன பாதி முறுக்கை மேசையில் வைத்தார்.

"ஓடாத பெட்டிக்கே இவ்வளவு பயமெண்டால், அதைக் கழட்டிப்போட்டு என்ர படத்தை உள்ளுக்கை வைக்கச் சொல்லுங்கோ."